பகலில் திரும்பி வரக்கூடிய அறை: தீம் பார்க் பயணத்துக்கு ஹோட்டல் தேடும் கொழும்புக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

தீம் பார்க் பயணம் ஒன்றுக்குத் திட்டமிடத் தொடங்கும் உறவினர்களும் அயலவர்களும் என்னிடம் கேட்கும் முதற் கேள்வி, எந்த ஹோட்டல் நல்லது என்பதுதான். விடை சொல்வதற்கு முன், பகல் ஒரு மணிக்கு உங்கள் சின்னப் பிள்ளை எங்கே நித்திரை கொள்ளும் என்று நான் அவர்களிடம் கேட்பதுண்டு. பெரும்பாலானோர் அதை யோசித்திருப்பதில்லை. குடும்பத்தோடு போகும் பயணத்துக்கு ஹோட்டல் தேடுவதை அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்க வேண்டும். டீலக்ஸ் தர ஹோட்டல் ஒன்றுக்கு நாம் கூடுதலாகக் கொடுக்கும் பணம், பூங்கா வாயிலுக்கும் நமது கட்டிலுக்கும் இடையிலுள்ள நேரத்தைக் குறைத்துத் தந்தால் அது நல்ல செலவு. வரவேற்பு மண்டபத்தின் அழகை மட்டும் தந்தால், அந்த அழகைக் காலையில் ஐந்து நிமிடமும் இரவில் ஐந்து நிமிடமும் பார்ப்பதற்காகவே அவ்வளவு பணத்தையும் கொடுத்தவர்களாவோம்.

இதை நான் பட்டே அறிந்தேன். முதன்முறை சிங்கப்பூர் சென்றபோது, நகரின் நடுவில் எல்லோரும் புகழ்ந்த ஒரு பெரிய ஹோட்டலில் தங்கினோம். மகளுக்கு அப்போது நான்கு வயது, மகனுக்கு ஒன்பது. என் அம்மாவும் கூட வந்திருந்தார். பூங்காவுக்குள் நுழைந்த இரண்டரை மணி நேரத்தில் மகளின் கன்னங்கள் சிவந்துவிட்டன. தண்ணீர்ப் போத்தலைத் தட்டிவிட்டு அழத் தொடங்கினாள். நிழலில் இருந்த ஒரு வாங்கில் அம்மா அமர்ந்து, அவளை மடியில் கிடத்தி, சேலைத் தலைப்பை நனைத்து நெற்றியில் வைத்துக்கொண்டிருந்தார். அம்மாவின் கணுக்கால்கள் செருப்பு வாருக்கு மேலே வீங்கியிருந்ததை அப்போதுதான் கண்டேன். டாக்சி வரிசையில் நின்று அறைக்கு வந்து சேர்ந்தபோது மணி மூன்று. மறுபடி போக எவருக்கும் உடல் இடங்கொடுக்கவில்லை. ஐந்து பேரின் நுழைவுச்சீட்டில் பாதி நாள் அப்படியே போயிற்று. ஹோட்டலில் குறை சொல்ல எதுவும் இல்லை, அது இருந்த இடந்தான் எங்களுக்குப் பொருந்தவில்லை. அடுத்த முறை பூங்காவிலிருந்து நடந்து வரக்கூடிய ஹோட்டலில் தங்கினோம். பன்னிரண்டரைக்கு அறைக்கு வந்து, குளிரூட்டிய அறையில் இரண்டு மணி நேரம் படுத்தெழுந்து, மூன்றரை மணிக்கு மறுபடி உள்ளே போனோம். அன்று மாலை மகள் சிரித்த சிரிப்பு இன்றும் எங்கள் வீட்டுச் சுவரில் படமாக இருக்கிறது.

முதற்படி: குடும்பத்தை அளந்து கொள்ளுங்கள்

ஹோட்டல் பட்டியலைத் திறப்பதற்கு முன் ஒரு தாளில் உங்கள் குடும்பத்தினரின் பெயர், வயது, பிள்ளைகளின் உயரம், பெரியவர்களின் நடக்கும் சக்தி ஆகியவற்றை எழுதுங்கள். உயரம் எதற்கு என்று கேட்பீர்கள். சிங்கப்பூர் யூனிவர்சல் ஸ்டூடியோஸில் டிரான்ஸ்ஃபோர்மர்ஸ் சவாரிக்குக் குறைந்தது 102 சென்ரிமீற்றர் உயரம் வேண்டும். ஜுராசிக் பார்க் நீர்ச்சவாரிக்கு 107. மம்மி சவாரிக்கு 122. கதவு நிலையில் பிள்ளையை நிறுத்தி அளந்து பார்த்தால், யார் எதில் ஏறுவார், யார் வெளியே காத்திருப்பார் என்பது கொழும்பிலேயே தெரிந்துவிடும். பெரிய பிள்ளை ஏறும் சவாரிகள் அதிகமாகவும் சின்னப் பிள்ளை ஏறும் சவாரிகள் குறைவாகவும் இருந்தால், பகலில் ஒரு பெற்றோர் சின்னவரோடு அறைக்குத் திரும்ப, மற்றவர் பெரியவரோடு பூங்காவில் நிற்கும் நாளாக அது அமையும். அவ்வாறு பிரியக்கூடிய குடும்பத்துக்குப் பக்கத்து ஹோட்டல் கட்டாயத் தேவை. பிள்ளைகள் இருவரும் பன்னிரண்டைத் தாண்டியவர்களாக இருந்தால் அவர்கள் காலை முதல் இரவு வரை பூங்காவிலேயே நிற்பார்கள். அந்தக் குடும்பம் ரயிலில் வந்து போகும் சாதாரண ஹோட்டலில் தங்கி, மிஞ்சும் பணத்தை வேறு நல்ல காரியத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

வயதும் பணத்தோடு தொடர்புடையது. சிங்கப்பூரில் 4 முதல் 12 வயது வரை சிறுவர் கட்டணம், 4 வயதுக்குக் கீழே நுழைவு இலவசம். ஃபுளோரிடாவிலுள்ள வோல்ட் டிஸ்னி வேர்ல்டில் 3 முதல் 9 வயது வரைதான் சிறுவர் கணக்கு. பத்தாவது பிறந்தநாள் வந்தவுடன் பிள்ளை பெரியவராகிவிடுகிறது.

இன்னொரு சோதனையையும் நான் எல்லோருக்கும் சொல்வேன். பயணத்துக்குச் சில வாரங்களுக்கு முன் குடும்பத்தை ஒரு முழு நாள் பண்டாரகமவிலுள்ள பேர்ள் பே நீர்ப்பூங்காவுக்கோ, அதுபோன்ற வேறிடத்துக்கோ அழைத்துச் சென்று, யார் எத்தனை மணிக்குச் சோர்கிறார் என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். நமது வெயிலும் சிங்கப்பூர் வெயிலும் ஏறத்தாழ ஒரே வகையானவை. பண்டாரகமவில் பன்னிரண்டு மணிக்குச் சுருண்டு படுக்கும் பிள்ளை, சிங்கப்பூர் யூனிவர்சல் ஸ்டூடியோஸ் இருக்கும் செந்தோசா தீவிலும் பன்னிரண்டு மணிக்கே சுருண்டு படுக்கும்.

எந்தப் பூங்கா, எந்த மாதம்

கொழும்பிலிருந்து முதன்முறை செல்லும் குடும்பத்துக்கு நான் சிங்கப்பூரையே முதலில் சொல்வேன். நேரடி விமானத்தில் ஏறத்தாழ நான்கு மணி நேரப் பயணம். இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் குறுகிய காலம் சென்றுவர விசா தேவையில்லை, வந்திறங்குவதற்கு முந்திய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் வருகை அட்டையை இலவசமாக நிரப்பினால் போதும். விமான நிலையத்தில் இறங்கியதும் நமது எழுத்தில் அறிவித்தல் பலகையைப் பார்க்கலாம். அம்மாவோடு போயிருந்தபோது அவர் அந்தப் பலகையை வாய்விட்டு வாசித்துவிட்டு நிமிர்ந்து நடந்ததை நான் மறக்கவில்லை.

ரொறன்ரோவிலோ நியூ ஜேர்சியிலோ உள்ள உறவினரைப் பார்க்கப் போகும் குடும்பங்கள் ஃபுளோரிடாவையும் சேர்த்துக்கொள்ள விரும்புவது இயல்பு. அங்கே டிஸ்னியின் பூங்காக்கள் மட்டும் நான்கு: 1971இல் திறந்த மேஜிக் கிங்டம், 1982இல் எப்கொட், 1989இல் ஹொலிவூட் ஸ்டூடியோஸ், 1998இல் அனிமல் கிங்டம். இரண்டு நாளில் பார்த்து முடிக்கும் இடமன்று; ஆகவே ஹோட்டல் தெரிவில் செய்யும் பிழையை அங்கே ஐந்தாறு நாட்கள் சுமக்க வேண்டியிருக்கும்.

மாதத்தைப் பொறுத்தவரை, நமது ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையும் ஓகஸ்ட் விடுமுறையும் சிங்கப்பூருக்கு உகந்தவை, ஏனெனில் அங்கத்தைய பள்ளிக்கூடங்கள் அப்போது பெரும்பாலும் நடந்துகொண்டிருக்கும். அவர்களது நீண்ட விடுமுறைகள் ஜூனிலும், நவம்பர் நடுப்பகுதிக்குப் பின் டிசம்பர் முடியும் வரையும் வருகின்றன. டிசம்பரில் கூட்டமும் உண்டு, வடகீழ்ப் பருவ மழையும் உண்டு, ஹோட்டல் விலையும் ஏறியிருக்கும். மின்னல் கண்டால் வெளிப்புறச் சவாரிகளை நிறுத்திவிடுவார்கள். அந்த ஒரு மணி நேரத்தை அறையில் கழிக்க முடியுமா, கூரைக்குக் கீழே நூறு பேரோடு நின்று கழிக்க வேண்டுமா என்பதும் ஹோட்டல் இருக்கும் இடத்தைப் பொறுத்ததே. ஃபுளோரிடாவில் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை சூறாவளிப் பருவம் என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

டீலக்ஸ் என்ற சொல் இரண்டு இடங்களில் இரண்டு பொருள் தரும்

புதியவர்கள் இங்கே அதிகம் ஏமாறுகிறார்கள். ஃபுளோரிடா டிஸ்னியில் டீலக்ஸ் என்பது முழு ஹோட்டலின் தரம்: வெலியூ, மொடரேட், டீலக்ஸ் என்று மூன்று படிகளில் அது மேற்படி. நமது காலிமுகத்திடலைச் சுற்றியுள்ள ஹோட்டல்களிலும் சிங்கப்பூர் ஹோட்டல்களிலும் டீலக்ஸ் என்பது பெரும்பாலும் ஓர் அறையின் பெயர். ஐந்து நட்சத்திர ஹோட்டல் ஒன்றில் அதுவே மிகக் குறைந்த விலை அறையாகவும் இருக்கலாம். ஆகவே சிங்கப்பூரில் டீலக்ஸ் அறை என்று எழுதியிருப்பதைக் கண்டு பெரிய அறை என்று எண்ணிவிடாமல், அறையின் பரப்பளவு எத்தனை சதுர மீற்றர், எத்தனை கட்டில், எத்தனை பேர் தங்க அனுமதி என்ற மூன்று எண்களை மட்டும் பாருங்கள்.

தூரத்தை நிமிடத்தால் அளவிடுங்கள்

பூங்காவுக்கு அருகில் என்ற விளம்பரச் சொல்லை நம்ப வேண்டாம். அறைக் கதவிலிருந்து பூங்காவின் நுழைவு வாயில் வரை, ஒரு கையில் பிள்ளையோடும் மறு கையில் பையோடும் எத்தனை நிமிடம் என்பதே கணக்கு. லிப்டுக்குக் காத்திருக்கும் நேரம், ஹோட்டல் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரம், பஸ்ஸில் ஏறும்போது தள்ளுவண்டியை மடிக்கும் நேரம் எல்லாம் அதில் சேரும்.

செந்தோசாவில் யூனிவர்சல் ஸ்டூடியோஸ் 2010ஆம் ஆண்டு முதல் இயங்கும் ரிசோர்ட்ஸ் வேர்ல்ட் வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது. அந்த வளாகத்தின் ஹோட்டல்கள் எல்லாம் ஒரே தூரத்தில் இல்லை. ஹோட்டல் மைக்கலும் ஹோட்டல் ஓராவும் பூங்கா வாயிலுக்கும் ரயில் நிலையத்துக்கும் நடக்கக்கூடிய அண்மையில் உள்ளன. ஈக்குவேரியஸ் ஹோட்டல் வளாகத்தின் மேற்குப் பக்கம், மரங்கள் நிறைந்த அமைதியான பகுதியில், அட்வென்சர் கோவ் நீர்ப்பூங்காவின் அருகில் இருக்கிறது. யூனிவர்சலுக்குப் போக வளாக பஸ்ஸை எதிர்பார்க்க வேண்டும். நீர்ப்பூங்காவே உங்கள் பிள்ளைகளின் ஆசையென்றால் அது நல்ல தெரிவு. சிலோசோ கடற்கரையிலுள்ள ஷங்ரிலா ரசா செந்தோசாவில் பெரிய நீச்சல் குளமும் மணல் கரையும் உண்டு. ஒரே ஒரு நாள் மட்டும் பூங்காவுக்குப் போய் மற்ற நாட்களைத் தண்ணீரில் கழிக்கும் குடும்பத்துக்கு அதைச் சொல்வேன். அங்கிருந்து பகலில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்து வர முடியாது.

செந்தோசாவுக்கு வெளியே தங்கினால், ஹார்பர்ஃபிரண்ட் எம்.ஆர்.ரி. (நகர ரயில்) நிலையத்தோடு சேர்ந்த விவோசிட்டி கட்டடத்திலிருந்து செந்தோசா எக்ஸ்பிரஸ் ரயிலில் ஏற வேண்டும். அடுத்த நிலையமே ரிசோர்ட்ஸ் வேர்ல்ட். ஆகவே விவோசிட்டியைச் சுற்றியுள்ள ஹோட்டல்கள் நடுத்தர வழியாகும்: விலை சற்றுக் குறையும், பகலில் திரும்புவதும் கூடுமான காரியமே.

ஃபுளோரிடாவில் இந்த வேறுபாடு இன்னும் கூர்மையானது. வெளியிலிருந்து காரில் வரும் ஒருவர் மேஜிக் கிங்டமுக்குப் போவதானால், வாகனத்தை நிறுத்திவிட்டு, அங்கிருந்து மோனோரயிலிலோ படகிலோ ஏரியைக் கடந்த பிறகுதான் வாயிலை அடைகிறார். பகலில் திரும்புவதென்றால் அவ்வளவையும் தலைகீழாகச் செய்ய வேண்டும். பூங்காவோடு ஒரே ஆண்டில் திறந்த கொன்டெம்பரரி ஹோட்டலிலிருந்து அதே வாயிலுக்குப் பத்து நிமிடத்தில் நடந்து போகலாம். மோனோரயில் அந்தக் கட்டடத்துக்குள்ளேயே புகுந்து செல்கிறது. பொலினேசியனும் கிராண்ட் ஃபுளோரிடியனும் அதே மோனோரயில் பாதையில் உள்ளவை. மோனோரயிலில் தள்ளுவண்டியை மடிக்கத் தேவையில்லை, பஸ்ஸில் மடித்தேயாக வேண்டும். தூங்கும் பிள்ளையை எழுப்பாமல் அறைக்குக் கொண்டு சேர்த்தவர்களுக்கு இந்தச் சிறு விடயத்தின் பெறுமதி தெரியும். எப்கொட்டுக்கு அதிகம் போக விரும்பினால் பீச் கிளப், யொட் கிளப், போர்ட்வோக் ஆகிய மூன்றும் அதன் பின்வாயிலுக்கு நடை தூரத்தில் இருக்கின்றன; பீச் கிளப்பின் நீச்சல் குளத்துக்கு அடியில் மணல் உண்டு.

அனிமல் கிங்டம் லொட்ஜைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் படத்தைப் பார்க்கும் ஒவ்வொரு பிள்ளையும் அதைத்தான் கேட்கும். சவன்னா பக்க அறையின் பல்கனியில் நின்றால் ஒட்டகச்சிவிங்கியும் வரிக்குதிரையும் கீழே மேய்வதைக் காணலாம். ஆனால் மேஜிக் கிங்டமிலிருந்து அது தொலைவில் உள்ளது, எந்தப் பூங்காவுக்கும் பஸ்ஸில்தான் போக வேண்டும். இரண்டு இரவு அங்கேயும் மீதி இரவுகள் மோனோரயில் பாதையிலும் தங்குவதே என் தீர்ப்பு. அங்கே தங்குவதானால் சவன்னா பக்க அறைக்கே பணம் கொடுங்கள். வேறு ஹோட்டல்களில் பூங்காக் காட்சி, ஏரிக் காட்சி என்று கூடுதல் விலை கேட்டால் நான் கொடுக்க மாட்டேன். திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டு நித்திரை கொள்ளத்தானே பகலில் வருகிறோம்.

ஹொங்கொங் டிஸ்னிலாண்டின் மூன்று ஹோட்டல்களும் பூங்காவின் வளாகத்துக்குள்ளேயே உள்ளன. டோக்கியோவின் மிராகோஸ்டா, டிஸ்னிசீ பூங்காவுக்குள்ளேயே கட்டப்பட்டது. அங்கே போகிறவர்களும் இதே அளவுகோலைக் கையில் எடுத்துச் செல்லலாம்.

எத்தனை பேர், எத்தனை அறை

நமது குடும்பங்கள் அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் என்ற கணக்கில் அடங்குவதில்லை. அம்மம்மா வருவார், சில வேளை திருமணமாகாத சித்தியும் வருவார். ஹோட்டல்களின் அறைகள் பெரும்பாலும் இரண்டு பெரியவர்களுக்கும் ஒன்று அல்லது இரண்டு சிறுவர்களுக்கும் என்றே கணக்கிடப்படுகின்றன. மூன்றாவது பெரியவரைச் சொல்லாமல் அழைத்துச் சென்றால், பதிவு மேசையில் கடவுச்சீட்டுக்களைக் கொடுக்கும் வேளையில் சங்கடம் வரும். அதைப் பெரியவர் முன்னால் அனுபவிக்க வைப்பது சரியன்று. முன்பதிவின்போதே எல்லோரது வயதையும் உள்ளபடி எழுதுங்கள்.

இரண்டு அறை எடுப்பதானால் ஒரு சொல்லைக் கவனிக்க வேண்டும். பக்கத்து அறைகள் என்பது வேறு, உள்ளே இடைக்கதவு உள்ள அறைகள் என்பது வேறு. பக்கத்து அறையில் அம்மம்மாவை விட்டால், இரவில் அவர் எழுந்து கூப்பிட்டால் கேட்காது. இடைக்கதவு உள்ள அறைகள் வேண்டுமென்று கேட்டு, கோரிக்கையாகக் குறிக்கப்பட்டதா, உறுதியாகத் தரப்பட்டதா என்பதை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். கோரிக்கை என்று மட்டும் இருந்தால் அன்றைய நிலைமையைப் பொறுத்து மறுக்கவும் கூடும்.

குளியலறையையும் கேளுங்கள். குளிக்கும் தொட்டிக்குள் காலைத் தூக்கி வைத்து ஏறுவது முழங்கால் வலி உள்ளவருக்கு ஆபத்தானது. தரை மட்டத்தில் நின்று குளிக்கும் அமைப்பு உண்டா என்று விசாரியுங்கள். கழிவறையில் நாம் பழகிய தண்ணீர்க் குழாய் எல்லா ஹோட்டல்களிலும் இருக்காது, ஒரு பிளாஸ்டிக் கோப்பையைப் பெட்டியில் வைத்துக்கொள்வது நல்லது.

ஃபுளோரிடாவில் ஐந்து நாட்களுக்கு மேல் தங்குவோர் டிஸ்னியின் டீலக்ஸ் வில்லா வகையைப் பார்க்கலாம். ஒரு படுக்கையறை கொண்ட வில்லாவில் முழுச் சமையலறையும், துணி துவைத்து உலர்த்தும் இயந்திரங்களும் உள்ளன. இரவில் ஒரு சோறும் பருப்பும் சமைக்க முடிவது, தொலைதூரப் பயணத்தின் நான்காம் நாளில் எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை நம்மவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

சலுகைகளில் எவை உங்களுக்குப் பயன்படும்

ஹோட்டலில் தங்குவோருக்குப் பூங்கா தரும் சலுகைகளை விலையோடு சேர்த்து எடைபோட வேண்டும். ஃபுளோரிடா டிஸ்னியின் எல்லாத் தர ஹோட்டல்களிலும் தங்குவோர் மற்றவர்களைவிட முப்பது நிமிடம் முன்னதாகப் பூங்காவுக்குள் போகலாம். டீலக்ஸ் தரத்தில் தங்குவோருக்கு மட்டும் குறிப்பிட்ட சில இரவுகளில் பூங்கா மூடிய பின்னும் இரண்டு மணி நேரம் கிடைக்கும். அந்த இரவுச் சலுகைக்காகவே பலர் டீலக்ஸ் எடுக்கிறார்கள். கொழும்பிலிருந்து போகிறவர்களுக்கு முதல் மூன்று நான்கு நாட்களில் அது பயன்படாது. கோடைகாலத்தில் ஃபுளோரிடா நமக்கு ஒன்பதரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. அங்கே இரவு ஏழு மணி என்றால் பிள்ளையின் உடலுக்கு அது கொழும்பின் விடியற்காலை நாலரை. அங்கே அதிகாலை மூன்று மணி என்றால் கொழும்பில் நண்பகல் கடந்துவிட்டது. பிள்ளை மூன்று மணிக்கே எழுந்து கட்டிலில் குதிக்கும். ஆகவே நமக்குப் பொன்னான நேரம் அந்தக் காலை முப்பது நிமிடமே. வாயிலுக்கு நடந்து போகும் தூரத்தில் இருப்பவர் அதை முழுமையாகப் பெறுவார்.

ஓர்லாண்டோவிலுள்ள யூனிவர்சலில் வேறு வகைச் சலுகை உண்டு. போர்ட்டோஃபினோ பே, ஹார்ட் ரொக், ரோயல் பசிபிக் ஆகிய மூன்று ஹோட்டல்களில் தங்கும் ஒவ்வொருவருக்கும், யூனிவர்சல் ஸ்டூடியோஸ் ஃபுளோரிடாவிலும் ஐலண்ட்ஸ் ஒஃப் அட்வென்சரிலும் பெரும்பாலான சவாரிகளில் விரைவு வரிசையில் செல்லும் அனுமதி அறை விலையோடு சேர்ந்தே கிடைக்கிறது. அது வந்திறங்கும் நாளுக்கும் வெளியேறும் நாளுக்கும் செல்லுபடியாகும் என்பதால், ஓர் இரவு தங்கினாலே இரண்டு நாள் அனுமதி. நான்கு பேர் அதைத் தனியாக வாங்கும் விலையைக் கூட்டிப் பார்த்தால், அறையின் உயர்ந்த விலை நியாயமாகத் தோன்றும். 2025 மே மாதம் திறந்த எபிக் யூனிவர்ஸ் பூங்காவுக்கு இந்த அனுமதி பொருந்தாது.

விலையில் எழுதாத விலை

சிங்கப்பூரில் அறை விலைக்குப் பின்னால் இரண்டு கூட்டல் குறிகளைக் காண்பீர்கள். அவை பத்து வீதச் சேவைக் கட்டணத்தையும், அதன் மேல் 2024 ஜனவரி முதல் ஒன்பது வீதமாக உள்ள பொருள் சேவை வரியையும் குறிக்கின்றன. ஓர் இரவுக்கு 500 டொலர் என்று எழுதியிருந்தால், முதலில் அது 550 ஆகி, பின்னர் வரியோடு 599.50 ஆகும். மூன்று இரவுக்கு 1,500 என்று எண்ணிச் சென்றவர் 1,798.50 கொடுக்க வேண்டியிருக்கும். ஃபுளோரிடாவின் ஒரேஞ்ச் கவுன்டியில் அறைக்கு 12.5 வீத வரி. வெளி ஹோட்டல்கள் பல இதற்கு மேல் தினசரி வளாகக் கட்டணமும் வாகனத் தரிப்புக் கட்டணமும் கேட்கின்றன. டிஸ்னி ஹோட்டல்களில் இவ்விரண்டும் இல்லை. ஆகவே இரண்டு ஹோட்டல்களை ஒப்பிடும்போது எல்லாம் சேர்த்த இறுதித் தொகையை மட்டுமே பக்கம் பக்கமாக எழுதுங்கள்.

பதிவு மேசையில் கடனட்டையில் ஒரு பிணைத்தொகையையும் தடுத்து வைப்பார்கள். அது செலவு அல்ல என்றாலும் உங்கள் அட்டையின் எல்லையிலிருந்து அவ்வளவு தொகை சில நாட்களுக்குக் குறைந்துவிடும். புறப்படுவதற்கு முன் வங்கியோடு பேசி, வெளிநாட்டுப் பாவனையைத் திறந்து, எல்லை போதுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சாப்பாடு

அறை விலையில் காலை உணவு சேர்ந்திருந்தால் எத்தனை பேருக்கு என்று கேளுங்கள். இரண்டு பேருக்கு மட்டும் என்று இருப்பதும், பிள்ளைகளுக்கு மேசையில் வைத்துத் தனியாக விலை சொல்வதும் வழக்கம். மரக்கறி உணவு மட்டும் உண்ணும் பெரியவர்கள் இருந்தால், முட்டையும் கூடாது என்பதை எழுதிக் கேட்டு விடை பெறுங்கள். செந்தோசாவில் தங்குவோருக்கு விவோசிட்டியில் பெரிய ஃபெயார்பிரைஸ் கடை இருக்கிறது. தயிர், பால், வாழைப்பழம், பாண் எல்லாம் அங்கே வாங்கி அறைக் குளிர்ப்பெட்டியில் வைத்தால் இரண்டு காலைகள் கழிந்துவிடும். அங்கிருந்து வடகிழக்குப் பாதை எம்.ஆர்.ரி. ரயிலில் ஐந்தாவது நிலையம் லிட்டில் இந்தியா. 1947 முதல் நடக்கும் கோமள விலாஸில் அம்மா தோசை சாப்பிட்டுவிட்டு, சிங்கப்பூர் வந்த பயன் இப்போதுதான் கிடைத்தது என்றார். பூங்கா இல்லாத நாளொன்றில், சிலோன் வீதியில் நம்மவர்கள் அமைத்த செண்பக விநாயகர் கோயிலுக்கும் பெரியவர்களை அழைத்துச் செல்லலாம். சிங்கப்பூர் யூனிவர்சலுக்குள் வெளி உணவைக் கொண்டுபோக விடமாட்டார்கள் என்பதால், பகல் உணவுக்கு அறைக்குத் திரும்புவது செலவையும் குறைக்கும்.

ஃபுளோரிடா டிஸ்னியில் சூடாக்கத் தேவையில்லாத உணவைப் பூங்காவுக்குள் எடுத்துச் செல்ல அனுமதி உண்டு.

முன்பதிவு

கொழும்பில் பயண முகவர் மூலம் போவதானால், பயணப் பொதி விபரத்தில் ஹோட்டல் பெயருக்குப் பக்கத்தில் ‘அல்லது அதற்கு இணையான ஹோட்டல்’ என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். நட்சத்திர எண்ணிக்கையில் இணையான ஹோட்டல் தூரத்தில் இணையாக இருக்க வேண்டியதில்லை. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் செந்தோசா என்று நம்பிப் பணம் கட்டிவிட்டு, புறப்படுவதற்கு இரண்டு நாட்களுக்கு முன் நகரின் மறுகோடியிலுள்ள ஹோட்டலின் பெயரைப் பெற்றது. அந்த வரியை நீக்கி, ஹோட்டலின் பெயரையும் அறை வகையையும் எழுதித் தரும்படி கேளுங்கள். பணம் கட்டிய பின், உங்கள் பெயரிலுள்ள ஹோட்டலின் சொந்த உறுதிப்படுத்தல் இலக்கத்தைப் பெற்று, ஹோட்டலுக்கே நேரில் மின்னஞ்சல் அனுப்பிச் சரிபாருங்கள்.

பணம் திரும்பக் கிடைக்காத மலிவு விலையைச் சிறு பிள்ளைகள் உள்ள குடும்பங்கள் எடுக்க வேண்டாம். புறப்படும் வாரத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல் வருவது நாம் எல்லோரும் கண்ட விடயம்.

வந்திறங்கும் காலை

கட்டுநாயக்கவிலிருந்து சிங்கப்பூருக்கு நள்ளிரவு கடந்து ஒரு மணியளவில் புறப்படும் விமானத்தில் போனால், அங்கே நேரம் இரண்டரை மணி முன்னால் இருப்பதால் காலை ஏழரைக்கு இறங்குவீர்கள். அறை கிடைப்பது பிற்பகல் மூன்று மணிக்கு. நித்திரையில்லாத பிள்ளைகளோடு ஏழரை மணி நேரம் எங்கே இருப்பது? முன்பதிவு செய்யும்போதே முன்கூட்டி அறை தர முடியுமா, அதற்கு எவ்வளவு என்று கேளுங்கள். முடியாதென்றால் பெட்டிகளை வைத்துவிட்டு நீச்சல் குளத்தையும் உடை மாற்றும் அறையையும் பயன்படுத்த விடுவார்களா என்று கேளுங்கள். நீச்சல் உடைகளையும் ஒரு மாற்றுடையையும் கைப்பையில் மேலாக வைத்திருந்தால் பெட்டியைத் திறக்க வேண்டியிராது. அன்றைய தினத்துக்குப் பூங்கா நுழைவுச்சீட்டு வாங்கவே வேண்டாம்.

மாலையில் எல்லோரும் தூங்கி எழுந்த பின், அறைக் கதவிலிருந்து பூங்கா வாயில் வரை குடும்பத்தோடு ஒரு முறை நடந்து பாருங்கள். எந்த லிப்ட், எந்தக் கதவு, தள்ளுவண்டிக்குச் சரிவுப் பாதை எங்கே, மழை வந்தால் கூரை எதுவரை உண்டு என்பதைக் கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். பகலில் வெளியேறி மறுபடி உள்ளே வருவதற்கு நுழைவுச்சீட்டோடு வேறேதாவது அடையாளம் வேண்டுமா என்று வாயிலில் நிற்பவரிடம் அப்போதே கேட்டுக்கொண்டால், மறுநாள் தூங்கும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வரும்போது எங்கும் நிற்காமல் நேரே அறைக்குப் போகலாம்.